முபாரக்கை இறக்கியது ஃபேஸ்புக் அல்ல

தொழிலாளர் வரலாறு பேச எந்தக் கல்லூரிக்குப் போனாலும் எனக்கு முன்னால் ஒரு வாக்கியம் போய் உட்கார்ந்திருக்கிறது: “எகிப்தில் அதிபர் முபாரக்கை ஃபேஸ்புக் இறக்கியது.” போன வாரம் இதைச் சொன்னவர் மாணவர்கூட இல்லை, வரலாற்றுப் பேராசிரியர். எனக்குப் பொறுமை போய்விட்டது.

நம்பிக்கை: 2011-ல் எகிப்தில் நடந்தது ஃபேஸ்புக் புரட்சி.

உண்மை: இல்லவே இல்லை. அலெக்சாந்திரியாவில் 2010 ஜூனில் போலீஸ் அடித்துக் கொன்ற காலித் சயீதின் சிதைந்த முகத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தது ஃபேஸ்புக்கில்தான். ஜனவரி 25 போராட்ட அழைப்பு பரவியதும் அதில்தான். அதை யார் மறுத்தார்கள்? ஆனால் கல்யாணப் பத்திரிகை அடித்த அச்சகமே கல்யாணத்தையும் நடத்தி வைத்தது என்று சொல்வீர்களா?

ஜனவரி 25 அன்று போராட்டம் தொடங்கும் இடங்கள் என்று 20 இடங்களை அமைப்பாளர்கள் இணையத்தில் அறிவித்தார்கள். போலீஸும் அதைப் படித்தது, போய் நின்றது. 21-வது இடத்தை அவர்கள் எங்கும் எழுதவில்லை. புலாக் அல்-தக்ரூர் என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு மிட்டாய்க் கடை வாசல் அது. சந்து சந்தாக வாய்வழியே சொல்லி ஆள் சேர்த்தார்கள். போலீஸ் வளையத்தில் சிக்காமல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் வரை போனது அந்தக் கூட்டம்தான். அந்த நாட்களில் கைமாறிய 26 பக்கக் கையேடு ஒன்று, “ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போடாதீர்கள், போலீஸ் பார்க்கிறது” என்ற பொருளில் எச்சரித்தது. போராடியவர்களுக்கே தெரிந்திருந்தது நமக்குத் தெரியவில்லை.

ஜனவரி 27-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் அரசு இணையத்தை வெட்டியது. விடிந்ததும் செல்போன் சேவையும் போனது. அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வெளியே வந்த கூட்டம், தஹ்ரீருக்குப் போகும் கஸ்ர் அல்-நீல் பாலத்தில் தண்ணீர் பீரங்கிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் நடுவே அடி அடியாக முன்னேறியது. இரவுக்குள் போலீஸ் தெருவைவிட்டே ஓடிவிட்டது. அந்த நேரத்தில் யார் கையில் ஃபேஸ்புக் இருந்தது?

இந்தக் கூட்டத்துக்குத் துணிச்சல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நைல் டெல்டாவில் மஹல்லா அல்-குப்ரா என்ற ஜவுளி ஆலை ஊர் இருக்கிறது. 2006 டிசம்பரில், இரண்டு மாதச் சம்பளம் போனஸ் என்று சொல்லிவிட்டு ஏமாற்றியதால், தையல் பிரிவுப் பெண்கள் முதலில் வேலையை நிறுத்தினார்கள். இன்னும் வேலை ஓடிக்கொண்டிருந்த நூற்புப் பிரிவுக்கும் நெசவுப் பிரிவுக்கும் போய், “பெண்கள் இங்கே நிற்கிறோம், ஆண்கள் எங்கே?” என்று கோஷமிட்டார்கள். ஆண்களும் வெளியே வந்தார்கள். அப்போது ஃபேஸ்புக் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அரபி மொழியில் அது வந்ததே 2009-ல்தான்.

2008 ஏப்ரல் 6-ல் மஹல்லா தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஆதரவாக இளைஞர்கள் ஃபேஸ்புக் குழு தொடங்கினார்கள். அன்று மஹல்லா கொந்தளித்தது. முபாரக் படத்தைக் கிழித்து இறக்கி மிதித்தார்கள். அதே குழு, மே 4-ல் மறுபடியும் நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்று அழைத்தது. இந்த முறை பின்னால் ஆலை இல்லை. பிசுபிசுத்துப் போனது. இந்த ஒரு ஒப்பீடு போதும் எனக்கு.

2011-லும் ஆலைகள்தான் பின்னால் நின்றன. பிப்ரவரி 8 முதல் சூயஸ் கால்வாய் சார்ந்த நிறுவனங்களின் தொழிலாளர்கள், பிறகு பஸ் ஊழியர்கள், ஜவுளித் தொழிலாளர்கள் என்று வேலைநிறுத்தம் பரவியது. 11-ஆம் தேதி முபாரக் போனார்.

நம்பிக்கை: ஈரானில் 2009 தேர்தல் முடிவை எதிர்த்து நடந்தது ட்விட்டர் புரட்சி.

உண்மை: நாட்டுக்குள் ட்விட்டர் வைத்திருந்தவர்கள் சொற்பம். ட்விட்டரில் நாம் படித்ததில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து எழுதியது.

நம்பிக்கை: இணையத்தை வெட்டினால் கிளர்ச்சி அடங்கிவிடும்.

உண்மை: சூடானில் போராட்டக்காரர்களைக் கொன்று குவித்த 2019 ஜூன் 3 படுகொலையை ஒட்டி ராணுவ ஆட்சியாளர்கள் இணையத்தை வெட்டினார்கள். தெருக் கமிட்டிகள் நோட்டீஸ் கொடுத்தும் எஸ்.எம்.எஸ். அனுப்பியும் ஜூன் 30-ல் பெருங்கூட்டத்தைத் திரட்டின.

நம்பிக்கை: டெலிகிராம் குழுவில் பேசினால் யாருக்கும் தெரியாது.

உண்மை: அந்தக் குழுக்களில், பேசுபவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய மறைகுறியாக்கம் கிடையாது. நம்பி ஏமாறாதீர்கள்.

ஆகவே தொழிற்சங்கத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சந்தாவை ஜி-பேயில் வாங்காதீர்கள். ரசீதுப் புத்தகத்தோடு மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போங்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். உங்கள் அப்பா, தாத்தா காலத்து ரசீதுகள், துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்பேடுகள் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்; தொழிலாளர் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.