மண்புழு உரம்: புழுவை விலைக்கு வாங்கவேண்டுமா?

சாணமும் சருகும் சொந்தமாகக் கிடைக்கும் விவசாயிக்கு மண்புழு உரம் தயாரித்தல் ஏற்றதோர் உபதொழிலாகும். ஆயினும், இதில் இறங்க விரும்புவோர் முதலில் கேட்பது, "புழு எங்கே விலைக்குக் கிடைக்கும்?" என்பதே. வாங்கிய புழுவை வளர்த்துக் கொடுத்தால் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அதிக விலைக்குப் புழுவும் தொட்டியும் விற்போரும் உண்டு. அவ்வாக்கை நம்பி நகையை அடகு வைத்தல் ஆகாது. புழு தானே பெருகும் பிராணி. இன்று வாங்குகிறவர் ஆறு மாதத்தில் தாமும் விற்க வந்து நிற்பார். நிலைத்த வருவாய் உரத்தில்தான் உண்டு.

புழுவுக்கு வழி என்ன? சென்னை இராயப்பேட்டையில், மயிலாப்பூருக்கு அண்மையில், 1951-இல் தொடங்கப்பெற்ற புதுக்கல்லூரி உள்ளது. அங்கு விலங்கியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் மண்புழுக்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். நம் மண்ணில் வாழும் இனங்களே போதும் என்பது அவர் வலியுறுத்தி வந்த கருத்து. அவற்றுள் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்பது மேற்பரப்பில் சாணத்தையும் சருகையும் தின்பது. லாம்பிட்டோ மௌரிட்டி மண்ணுள் மேலும் கீழுமாகத் துளையிட்டுச் செல்வது. நமக்காக வயலை உழுவது இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் விரைந்து தின்று பெருகுமேனும், அது தொட்டிக்கு உரியதேயன்றி வயலுக்கு உழவனாகாது.

மண்புழுவை நாங்கூழ் என்றழைப்பதும் தமிழ் வழக்கு. டார்வின் 1881-இல் மண்புழுவைப் பற்றித் தனி நூலே எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழின் உழைப்பை வியந்து போற்றுகிறது.

நாட்டுப் புழுவைச் சேர்க்கும் முறை எளிது. புழுவின் எச்சக் குருணைகள் காணப்படும் ஈரமான நிழலிடத்தைத் தேர்ந்தெடுக்கவும். அரைக் கிலோ வெல்லத்தையும் அரைக் கிலோ புதுச் சாணத்தையும் இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, ஒரு மீட்டர் நீள அகலமுள்ள இடத்தில் தெளிக்கவும். வைக்கோல் பரப்பிப் பழைய கோணிச் சாக்கால் மூடி, நாள்தோறும் நீர் தெளித்துவரின், இருபது முப்பது நாட்களில் புழுக்கள் அங்கே வந்து திரளும். இவ்வளவுதான் மூலதனம்!

குழியோ தொட்டியோ, அடியில் உடைந்த செங்கல்லும் மணலும் இட்டு, அதன்மேல் ஓரடுக்கு வண்டல் மண் பரப்பிப் புழுவை விடவேண்டும். நீர் தேங்கலாகாது, காயவும் கூடாது. புதுச் சாணத்தைக் குவியலாக இட்டால் அதன் சூட்டிலேயே புழு மடிந்துவிடும். பலர் தோற்பது இங்கேதான். இரண்டு வாரமாவது ஆறவிட்ட சாணமே தகும். எறும்பைத் தடுக்கத் தொட்டியைச் சுற்றிச் சிறு நீர்க்கால் போதும். கோழிக்கும் எலிக்கும் கம்பிவலை வேண்டும். இடும் கழிவின் எடையில் ஏறக்குறைய பாதியே உரமாகக் கிடைக்கும் என்று கணக்கிடுவது நலம்.

முதல் உரம் சொந்த வயலுக்கே போகட்டும். மிகுதிக்குச் சந்தை உண்டு: மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் மாடித்தோட்டம் வைத்திருப்போர் சிறு பைகளாக வாங்குவர். செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதி ஊர்களுக்கு இது கைக்கெட்டிய வாய்ப்பு. ஆனால் விற்கும் உரம் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்டது. தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறையாமலும், ஈரம் 15 முதல் 25 பங்குக்குள்ளும் இருத்தல் வேண்டும். ஈரத்தோடு எடை போட்டு விற்பவரிடம் நகரத்தார் மறுமுறை வாங்கமாட்டார்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்க உதவியும் உண்டு. கோயில் பூக்கழிவையும் சந்தைக் காய்கறிக் கழிவையும் பிளாஸ்டிக் கலவாமல் பிரித்துத் தரச் செய்யலாம். பல குடும்பங்களின் உரத்தை ஒன்றாகச் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கொட்டகைக்குக் கூரை போடுவதாயின் ஐப்பசி மழைக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். குழியில் வெள்ளம் புகுந்தால் புழுக்கள் ஓரிரவில் வெளியேறிவிடும்.