650 சொற்களும் ஒரு விரலி மஞ்சளும்

கண்ணு, நீ அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மதிப்பெண் போதாதாம், உன்னைப் பற்றி நீயே ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். 31 வருஷம் ஆங்கில வாத்தியாராக இருந்த அப்பிச்சியைக் கேள் என்றாளாம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இதில் பாதிக்குமேல் நான் செய்த தவறுகள்தான்.

1. முதலில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததை மற. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள், கடைசியில் அப்துல் கலாம். தமிழய்யாவும் நானும் சேர்ந்து ஊட்டிய பழக்கம் இது. அறுபது பேர் எழுதினால் அறுபதும் ஒரே கட்டுரையாக இருக்கும். திருத்துவது சுலபம் என்று நானும் மகிழ்ந்தேன். வித்தியாசமாக எழுதிய ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்ததும் நான்தான். உன் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அந்த அறுபதில் ஒன்று தேவையில்லை. முதல் வரியிலேயே ஏதாவது நடக்கட்டும்.

2. நீ பார்த்ததை எழுது. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், என் மனசில் இன்னும் உறுத்துகிற விஷயம்.

என் தம்பியின் பேரன் உன்னைப் போலவே விண்ணப்பித்தான். தாத்தாவோடு ஈரோடு மஞ்சள் சந்தைக்குப் போனதைப் பற்றி எழுதியிருந்தான். வியாபாரி மாதிரிக்கு ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பார். ‘டக்’கென்று சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்தது. உள்ளே நிறம் எப்படி என்று பார்த்து விலை சொல்வார். வருஷம் முழுக்கப் பாடுபட்ட தாத்தா, அந்த ஒரு விரலி ஒடியும்வரை மூச்சுவிடாமல் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் தனக்கு விலை என்றால் என்னவென்று புரிந்தது என்று எழுதியிருந்தான். பொருளாதாரம் படிக்க விரும்பிய பையன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘இதில் உன் சாதனை எங்கே?’ என்று கேட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தேன். பள்ளி மாணவர் தலைவனாக இருந்ததைச் சேர்த்தேன். 2019-இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த தகவலைச் சேர்த்தேன். இடம் போதவில்லை, தாத்தாவின் முகத்தை எடுத்தேன். அவன் கேட்ட எந்தக் கல்லூரியும் கிடைக்கவில்லை. என் திருத்தம்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் பிறகு ஒருநாள் அவனுடைய முதல் பிரதியைக் கைபேசியில் எடுத்துப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் அழித்தது என் தம்பியை.

புவிசார் குறியீடு யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒடிகிற சத்தத்தைக் கேட்டவன்தான் அந்தச் சத்தத்தை எழுத முடியும்.

3. அளவைத் தெரிந்துகொள், அதை மதி. ‘காமன் ஆப்’ என்கிற பொது விண்ணப்பம் 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. அதன் முதன்மைக் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டக் கூடாது. ஏழு தலைப்பு தருவார்கள், ஏழாவது உன் விருப்பம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: எட்டுக் கேள்வியில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். முதலில் ஆயிரம் எழுது, பிறகு குறை. பச்சை மஞ்சள் ஐந்து மூட்டையை வேகவைத்துக் காயவைத்தால் ஏறக்குறைய ஒரு மூட்டைதான் தேறும். விலை போவது அந்த ஒரு மூட்டை.

இங்கிலாந்துக்கும் போட்டுப் பார்க்கலாம் என்றால் இந்தக் கட்டுரையையே தூக்கிக்கொண்டு போகாதே. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே மூன்று கேள்வி: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு உன்னை அதற்கு எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றும் சேர்ந்து 4,000 எழுத்துக்குள். அவர்களுக்குத் தாத்தாவைவிடப் பாடம் முக்கியம்.

4. அடுத்தவர் துயரத்தை உன் கணக்கில் எழுதாதே. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தம்பியின் நோயைப் பற்றி எழுதினாள். உருக்கமான கட்டுரை, நானே பாராட்டினேன். அவள் அம்மா படித்துவிட்டு, ‘அவனைக் கேட்டியா?’ என்று மட்டும் கேட்டாள். பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தான் கணக்குப் போட்டுப் பழகிய மாலைகளைப் பற்றி எழுதினாள். தம்பி அதிலும் இருந்தான், ஓரமாக, அவன் சம்மதத்தோடு. உனக்குக் கஷ்டம் வந்திருந்தால் எழுது. வரவில்லையென்றால் அதற்காக வெட்கப்படாதே, கடன் வாங்காதே.

5. முதல் பிரதியைத் தமிழில் எழுது. ஆங்கில வாத்தியாரே இப்படிச் சொல்கிறாரே என்று சிரிக்காதே. நேராக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் அகராதியில் பெரிய சொல்லாகத் தேடுவாய். நானும் இளமையில் அப்படித்தான் தேடினேன், அழகென்று நினைத்தேன். தமிழில் எழுதும்போது பொய் உனக்கே கேட்டுவிடும். பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுது, வரிக்கு வரி மாற்றாதே. ‘அம்மிச்சி’ ‘கிராண்ட்மா’ ஆகாமல் ‘அம்மிச்சி’யாகவே இருக்கட்டும். யார் என்று ஒரு வரியில் புரியவைத்தால் போதும்.

6. கல்லூரியின் பெயரைச் சரிபார். ‘ஏன் எங்கள் கல்லூரி?’ என்று பல இடங்களில் தனியாகக் கேட்பார்கள். ஒரு பையன் ஒரே பதிலைப் பத்து இடத்தில் ஒட்டி, ஒன்றில் பழைய கல்லூரியின் பெயரை மாற்ற மறந்தான். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அச்சடித்த மாதிரி.

7. உன் கையால் எழுது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது காசில்லாமல் இயந்திரமே எழுதித் தருகிறது. விண்ணப்பத்தின் முடிவில், இது என் சொந்த எழுத்து என்று உறுதி சொல்லிக் கையெழுத்திடுவாய். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுப்பதைக் காமன் ஆப் 2023-இலிருந்து மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டத்தை விடு. பதினேழு வயதில் ஊர் தாண்டிப் போகிறவள் முதல் கையெழுத்தே பொய்யாகப் போடலாமா?

8. வாய்விட்டுப் படி, கல்லூரிப் பக்கமே போகாத ஒருவரிடம். உன் அம்மிச்சி இருக்கிறாள். நான் எழுதிய ஓய்வு விழா உரையை அவளிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், கடைசியில், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, இதுல நீங்க எங்க இருக்கறீங்க?’ என்றாள். ஓய்வு பெறுகிற நாளில் வந்த கேள்வி. உனக்கு இப்போதே வரட்டும்.

9. நாளைக் கடத்தாதே. ஆகஸ்ட் 1 அன்று விண்ணப்பம் திறக்கும். பிறகு காலாண்டுத் தேர்வு, ஆயுத பூஜை, தீபாவளி என்று ஓடிவிடும். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி. மற்றவற்றுக்குப் பல இடங்களில் புத்தாண்டை ஒட்டி, அதாவது அரையாண்டுத் தேர்வின் சூட்டோடு. கடைசி இரவில் எழுதியதை நான் இதுவரை ஒருவரிடமும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, பொய்க்குக்கூட.

ஆடி முடிவதற்குள் ஒரு பிரதி எழுதி எனக்கு அனுப்பு. படித்துவிட்டு எங்கே நீ தெரிகிறாய், எங்கே தெரியவில்லை என்று போனில் சொல்கிறேன். சிவப்புப் பேனாவை உன் அம்மிச்சி ஒளித்து வைத்துவிட்டாள்.