என்னைக் கேட்காமல் போட்ட ராஜி

பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர்கள் முதலில் உங்கள் வக்காலத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். குமாஸ்தா அச்சடித்த தாளை நீட்டி, விரலால் இடம் காட்டி, "இங்க ஒண்ணு, அடியில ஒண்ணு" என்பார். அந்த விரலுக்கு மேலே பொடி எழுத்தில் "ராஜி செய்யவும், பணம் பெற்றுக்கொள்ளவும்" என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்துத்தான் எங்கள் வக்கீல் ரோட்டோர மனையை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, எனக்குப் பணம் போதும் என்று கூட்டு ராஜி மெமோவில் கையெழுத்துப் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீர்ப்பு நகலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களைப் பெரிய நஷ்டத்தில் தள்ளியது ராஜிக்கு அடுத்து வந்த யோசனை. சொந்தக்காரர் ஒருவர் அழைத்துப்போன இரண்டாவது வக்கீல், ராஜியை ரத்து செய்யச் சொல்லிப் புது வழக்கே போட்டார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் ஆணை, 3ஏ விதி அதற்கு இடமே தரவில்லை. ராஜியைப் பதிவு செய்த கோர்ட்டிலேயே மனு போட வேண்டும். புஷ்பா தேவி பகத் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. தொழிலில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? கோர்ட் கட்டணமும் காலமும் போனதுதான் மிச்சம்.

பிறகு அதே கோர்ட்டில் மனு போட்டோம். அந்தச் சட்டத்தின் 1976 திருத்தப்படி ராஜி எழுத்தில், தரப்பினர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்காக வக்கீல் போட்டாலும் செல்லும் என்ற 1991ஆம் ஆண்டு பைராம் பெஸ்டோன்ஜி தீர்ப்பை எதிர்த்தரப்பு நீட்டியது. நாங்கள் 2015ஆம் ஆண்டு ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கைக் காட்டினோம்: தெளிவான அதிகாரம் இல்லாமல் கட்சிக்காரரின் முக்கிய உரிமையை வக்கீல் விட்டுத்தர முடியாது. எனக்கு அந்த அதிகாரம் தரும் எண்ணமே இல்லை என்பதைக் காட்டியது, "மனைதான் வேண்டும், பணம் வேண்டாம்" என்று ராஜிக்கு முன்பே வக்கீலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதமும் ஒப்புகை அட்டையும். ராஜி ரத்தானது. அந்தக் கடிதத்தை எழுதியபோது, "வக்கீலையே சந்தேகப்படுறியா" என்று திட்டிய மாமா, இப்போது தன் வழக்குக்கு அதன் நகலைக் கேட்கிறார்.

நீங்களும் வக்காலத்தில் அந்த வரியை அடித்து, "என் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி ராஜி கூடாது" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திடுங்கள். வக்கீல் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். வழக்கு லோக் அதாலத்துக்குப் போனால் நேரில் போய் உட்காருங்கள். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது.