பெக்கோ பாதையில் மூன்று நாள்

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 300 கிலோமீற்றரைத் தாண்டும். மொத்தம் 22 கட்டங்கள். ஒருகாலத்தில் துரைமார் குதிரையேறிச் சுற்றிய தேயிலைத் தோட்டத்துப் பாதைகள் இதில் நிறைய வரும். இன்று நாம் நடந்து போகலாம். மூன்று நாள் லீவு கிடைத்தால் பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட் என்று நடக்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அப்போதும் விடியலிலேயே கிளம்புங்கள். பகல் சாய்ந்தால் பனிமூட்டம் இறங்கி வழி மறைந்துவிடும்.

மழை பெய்த புல்லில் அட்டை நிச்சயம். காற்சட்டையை மேசுக்குள் செருகி, மேசின் மேல் ஈரச் சவர்க்காரத்தை நன்றாகத் தேயுங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோலோடு ஒட்டிய மெல்லிய நுனிக்கடியில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாதபடி அதன் எச்சில் செய்துவிடுவதால் கசிவு நிற்க நேரமெடுக்கும்; பயம் வேண்டாம். கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

மருந்தடித்த தேயிலை மலைக்குள் இறங்க வேண்டாம். ரொட்டியும் சம்பலும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கடை கிடைக்காத இடங்கள் உண்டு. சில்லறைக் காசும் தேவை.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வாசல் ஒரு குடும்பத்தின் வீட்டு முற்றம். கேட்காமல் படமெடுக்கக் கூடாது. கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு அன்றைய நிறையைப் பொறுத்தும் சம்பளம் மாறும், நிறுத்திவைத்துப் பேசாதீர்கள். வழி கேட்க வேண்டுமானால் தேத்தண்ணி நேரத்தில் கேளுங்கள். திரும்பும் கோச்சி நேரத்தை முதல்நாளே ஸ்டேஷனில் விசாரித்துவிடுங்கள்.