புள்ளி தெரிகிறது, துகள் தெரிகிறதா?

கேள்வி: செல்லுக்குள் போகும் நானோ துகள்களை நுண்ணோக்கியில் பின்தொடர்கிறார்கள் என்று படித்தேன். சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளி நுண்ணோக்கி எதையும் காட்டாது என்றல்லவா கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

பதில்: சொல்லிக்கொடுத்ததில் பாதி விட்டுப்போயிருக்கிறது. எர்ன்ஸ்ட் அபே 1873-இல் வகுத்த அந்த எல்லை, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதற்கானது. இரவில் வெகுதொலைவில் வரும் லாரியின் இரண்டு விளக்குகளும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனாலும் வெளிச்சம் எங்கே வருகிறது என்று சொல்லிவிடலாம். 50 நானோமீட்டர் தங்கத் துகளும் அப்படியே. உருவம் தெரியாது, 200, 300 நானோமீட்டர் அகலத்துக்கு ஒரு மங்கல் வட்டம் விழும். அதன் மையத்தைக் கணக்கிட்டால், போதிய ஒளி கிடைக்கும்போது, துகளின் இடம் சில நானோமீட்டர் துல்லியத்தில் கிடைத்துவிடும். ஃபோட்டான்கள் நான்கு மடங்கானால் பிழை ஏறக்குறைய பாதியாகும்.

படத்துக்குப் படம் அந்த மையம் நகர்வதை வைத்து நிறையப் படிக்கலாம். தாறுமாறாக அலைந்தால் பரவல். நேர்கோட்டில் நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவில் ஓடினால், துகள் அடைபட்ட சவ்வுப் பையை செல்லின் மோட்டார் புரதம் இழுத்துப் போகிறது என்று ஊகிக்கலாம்.

தங்கம் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், சாயம்போல வெளுக்காது. ஆனால் விட்டம் பாதியானால் சிதறும் ஒளி 64-இல் ஒரு பங்காகச் சுருங்கும். செல்லின் உறுப்புகளும் ஒளியைச் சிதறடிப்பதால், சின்னத் துகள் அந்த இரைச்சலில் காணாமல் போகும். அதனால்தான் பலர் ஒளிரும் சாயத்தை ஒட்டுகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கேமரா பார்ப்பது சாயத்தை, துகளை அல்ல. சாயம் கழன்று செல் முழுக்கப் பரவினாலும், படம் துகள் பரவியதுபோலவே இருக்கும். சாயம் கழல்கிறதா என்று தனியே சோதிக்காத ஆய்வுக் கட்டுரையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இன்னொன்று: துகள் செல்லுக்குள் போனதாலேயே அது சுமக்கும் மருந்து வேலை செய்யும் என்றில்லை. பெரும்பாலான துகள்கள் எண்டோசோம் என்ற பைக்குள் சிக்கி, அமிலம் நிறைந்த லைசோசோமுக்குப் போய்ச் சேருகின்றன. அந்தப் பையின் சவ்வு சில நானோமீட்டர் தடிமன்தான். துகள் உள்ளே இருக்கிறதா, சற்று வெளியே வந்துவிட்டதா என்று மங்கல் வட்டம் காட்டாது. ஆகவே 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புத் துகள்கள் சுமந்துபோன ஆர்என்ஏ-வில் தங்கத்தை ஒட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணினார்கள். பையிலிருந்து தப்பியது 1 முதல் 2 சதவீதம்.