ஹோம் ஸ்கூலிங்: நம்புவதும் உள்ளதும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரைப் புதுச்சேரியில் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. அவர்களைச் சுற்றி ஆசையும் பயமும் கலந்து பல பேச்சுகள் உலவுகின்றன. முடிவெடுக்கும் முன் அவற்றைச் சலித்துப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: பள்ளிக்கு அனுப்பாவிட்டால் தண்டனை உண்டு.

உண்மை: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அதில் இல்லை. வீட்டுக் கல்வியை ஏற்று நெறிப்படுத்தும் விதியும் இல்லை. புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸின் 1882ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது கல்வியை மட்டுமே. அதை வீட்டிலும் கொடுக்கலாம் என்றது. 2022 முதல் அங்கும் முன் அனுமதி வேண்டும். இந்தியாவில் அனுமதி கேட்பாரும் இல்லை, வந்து பார்ப்பாரும் இல்லை. அதனால் முழுப் பொறுப்பும் பெற்றோர் தலையில் விழுகிறது.

நம்பிக்கை: ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் நடப்பதும் ஹோம் ஸ்கூலிங்தான்.

உண்மை: இல்லை. ஆசிரமத்தை நடத்திவந்த ஸ்ரீ அன்னை 1943 டிசம்பர் 2ஆம் தேதி தொடங்கியது ஒரு பள்ளி. அதுவே வளர்ந்து இன்றைய ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் ஆனது. அங்கே பட்டமும் சான்றிதழும் கிடையாது. பிள்ளையின் வேகத்துக்கு ஏற்பப் படிக்கவிடுகிறார்கள். ஆனால் நேரம் தவறாத உடற்பயிற்சி உண்டு, முழுநேர ஆசிரியர்கள் உண்டு, கூடப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிட்டால் தானாக மலரும் என்று இந்த ஊரைக் காட்டிச் சொல்பவர்கள், அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரியவர்களின் உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம்பிக்கை: ஒருமுறை நிறுத்திவிட்டால் திரும்பப் பள்ளிக்குள் நுழைய முடியாது.

உண்மை: முடியும். அரவிந்தரின் வாழ்க்கையே சாட்சி. 1879இல் ஏழு வயதில் அண்ணன்மாரோடு மான்செஸ்டருக்குப் போனார். அண்ணன்மார் பள்ளிக்குப் போக, அவருக்கு மட்டும் அவர்களைத் தங்கவைத்திருந்த டுரூவெட் தம்பதியர் வீட்டிலேயே லத்தீனும் பிரெஞ்சும் கணக்கும் கற்பித்தார்கள். 1884இல் லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் சேர்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜ். இன்றைய கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது.

கவனிக்க வேண்டியது பாடத்திட்டத்தை. புதுச்சேரிக்கென்று தனித் தேர்வு வாரியம் இல்லை. பல காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடந்த அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. திரும்பச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கணக்கையும் மொழிப்பாடத்தையுமாவது அந்த வரிசையில் கொண்டுபோங்கள்.

நம்பிக்கை: சான்றிதழ் இல்லாமல் பிள்ளை நடுத்தெருவில் நிற்கும்.

உண்மை: மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். திறந்தநிலை மாணவர்கள் நீட் எழுதப் போடப்பட்ட தடையை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆனால் அறிவியல் எடுக்கும் பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. ஆய்வகத்துக்கு எங்கே போவது என்பதைப் பன்னிரண்டு வயதிலேயே விசாரித்து வையுங்கள்.

நம்பிக்கை: வீட்டிலும் ஒன்பது மணிக்கு மணியடித்துப் பாடம் நடத்த வேண்டும்.

உண்மை: பெரும்பாலான குடும்பங்கள் தொடக்கத்தில் தடுக்கி விழும் இடம் இதுதான். கால அட்டவணை போட்டு, அம்மாவையே டீச்சராக்கி, ஒரே மாதத்தில் வீடு சண்டைக்களமாகிவிடும். நாற்பது பிள்ளைகளுக்கு ஆறு மணி நேரம் எடுக்கும் பாடத்தை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அத்தனை நேரம் வேண்டாம். மிச்சமாகும் நேரம்தான் வீட்டுக் கல்வியின் பெரிய லாபம். தாவரவியல் பூங்காவில் ஒரே மரத்தை மாதக்கணக்கில் கவனிக்கலாம். அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் ரோமானிய ஜாடித் துண்டுகளையும் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் அந்த மேட்டுக்கே போய் நிற்கலாம். 1827இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் எழுதிய தெருக்கள் இருக்கின்றன. பெரிய மார்க்கெட்டில் மீன் பேரம் பேசும் பிள்ளை கழித்தல் கணக்கைத் தப்பாகப் போடாது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை நாள் முழுக்க வீட்டில் இருந்தால் ஒரு பெரியவரும் கூடவே இருக்க வேண்டும். நம் வீடுகளில் அவர் பெரும்பாலும் அம்மா. சமையல், பாடம், உறவுக்காரர்களின் "எந்த ஸ்கூல், என்ன கிளாஸ்?" எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரத்தில் சில பொழுதுகளாவது அப்பாவோ தாத்தாவோ முழுதாக ஏற்றுக்கொள்ளாத வீட்டில் இது நீடிக்காது.

நம்பிக்கை: வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பழகத் தெரியாது.

உண்மை: தாத்தாவிடமும் கடைக்காரரிடமும் கூச்சமில்லாமல் பேசப் பழகும். ஆனால் சம வயதுத் தோழமை தானாக வந்துவிடாது. ஒரு விளையாட்டுக் குழு, ஒரு பாட்டு அல்லது சிலம்ப வகுப்பு என்று வாரம் தவறாமல் அதே பிள்ளைகளைச் சந்திக்கும் இடம் கட்டாயம் வேண்டும். பதின்வயது வரும்போது இது பாடத்தைவிட முக்கியம்.

நம்பிக்கை: பள்ளியே தேவையில்லை, எல்லாரும் இப்படிச் செய்யலாம்.

உண்மை: இது ஆபத்தான பேச்சு. 1930லேயே பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது ஒரு வேளைச் சாப்பாடு. வேலைக்கு அனுப்பப்படாமல் காக்கும் வேலி. இரண்டு பேர் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டுக்கு ஹோம் ஸ்கூலிங் வழியல்ல. நம் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டாலும், தெருக்கோடி அரசுப் பள்ளி நன்றாக நடக்க வேண்டும் என்று குரல் கொடுக்கும் கடமை நமக்கு உண்டு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மனம் இதையே நாடினால், ஒரு கல்வியாண்டுக்கு மட்டும் முடிவெடுங்கள். பகலில் யார் இருப்பார், எந்தத் தேர்வை நோக்கிப் போகிறோம், பிள்ளை யாரோடு விளையாடும் என்று எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் பிள்ளையையும் உட்காரவைத்துக் கேளுங்கள். பள்ளிக்குப் போகிறேன் என்று அது சொன்னால், தோற்றுவிட்டோம் என்று வருந்தாமல் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள்.