கடுகுக்கு வேம் வேண்டாம்

பெங்களூரு ஓரத்துத் தொழிற்பேட்டை ஊரான பொம்மசந்திராவில் இப்போது மனை விலைதான் பேச்சு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் வந்தபின் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அந்த ஊர் இருக்கும் ஆனேக்கல் வட்டம் ராகிச் சீமை. ராகிக்கு நடுவே அவரை, உச்செள்ளு, கடுகு என்று சால் விட்டு விதைப்பது அங்கே பழைய வழக்கம். அக்கடி சாலு என்பார்கள். கடுகைப் பற்றிய நம்பிக்கைகள் பலவும் அந்தக் கொல்லையில் முளைத்தவைதான்.

“கடுகுக்குத் தண்ணீர் எதற்கு, பனியிலேயே விளையும்” என்பது முதலாவது. ராகிக்குப் பெய்த மழையிலேயே ஊடுசால் கடுகும் தலையெடுத்துவிடும், வீட்டுத் தாளிப்புக்கு ஆகும். ஆனால் காய்ந்து போகாமல் நிற்பது வேறு, மகசூல் கொடுப்பது வேறு. தனிப்பயிராகப் போட்டால் பூ எடுக்கும்போது ஒரு தண்ணீரும், காய் பிடித்து மணி திரளும்போது ஒரு தண்ணீரும் தப்பக்கூடாது. போர்வெல் ஒன்றுக்குத்தான் தாங்கும் என்றால் பூத்தண்ணீரைக் கொடுங்கள்.

அதற்காக வாரம் ஒரு தண்ணீர் விட்டாலும் கெடுதிதான். ஈரம் மிஞ்சினால் வெண்துருவும் தண்டழுகலும் வரும். போதாததற்கு, காசு கொடுத்து வாங்கிப் போட்ட அசோடோபாக்டர் நுண்ணுயிர் உரமும் மூச்சுமுட்டும். அது காற்று இருந்தால்தான் தழைச்சத்தைப் பிடித்துத் தரும்.

இனி எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் நம்பிக்கை: “வேம் எல்லாப் பயிருக்கும் நல்லது.” வேம் (VAM) என்பது வேருக்குள் நுழைந்து உறவு வைக்கும் பூஞ்சாண உரம். வேர்ப் பூஞ்சாண ஆராய்ச்சியில் பேர்பெற்ற டி. ஜே. பாக்யராஜ் பணியாற்றியது பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில். அந்த நகரத்து ஓரத்திலேயே கடுகு விதையோடும் வேம் பையைச் சேர்த்து விற்றால் என்ன சொல்வது? வேம் ராகி வேருக்குள் நுழையும், அவரை வேருக்குள்ளும் நுழையும். பக்கத்துச் சாலில் நிற்கும் கடுகு வேரில் அது உறவு வைக்காது. அந்த உறவுக்கு வேண்டிய மரபணுக்கள் சிலவற்றைக் கடுகுக் குடும்பமே எப்போதோ இழந்துவிட்டது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கிக்கும் இதே கதை. ரைசோபியமும் அவரைக்குத்தான், கடுகில் முடிச்சு கட்டாது.

கடுகுக்கு ஒத்துப்போவது அசோடோபாக்டர், அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா. தண்டழுகலுக்கு டிரைக்கோடெர்மா. பாக்டீரியாப் பொடியை ஆறிய வடிகஞ்சியில் குழைத்து, விதைமேல் கருப்பாகப் பூசினாற்போல் ஒட்டும்வரை பிசறி, சாக்கில் பரப்பி நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயவைத்தாலோ, பூஞ்சாணக்கொல்லி மருந்தோடு கலந்தாலோ கையில் மிஞ்சுவது வெறும் கரித்தூள். பொடி வடிவ உயிர் உரத்தில் கிராமுக்கு குறைந்தது 5 கோடி உயிருள்ள செல் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. அந்தக் கணக்கு, காலாவதித் தேதிக்குள், ஒழுங்காகச் சேமித்த பைக்குத்தான். கடையில் எதையும் கேட்காவிட்டாலும் தேதியையாவது பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். குறைக்கலாம், அவ்வளவுதான். கந்தகம் தனிக்கணக்கு. எண்ணெய்ச் சத்துக்கு அது வேண்டும், ஜிப்சத்தில் கிடைக்கும்.

கடைசியாக, தொழிற்பேட்டைப் பக்கத்துக்கென்றே ஒரு நம்பிக்கை: “சாக்கடைத் தண்ணீர் உரம்தானே, நுண்ணுயிர் விட்டால் விஷம் போய்விடும்.” அழுகும் கழிவை நுண்ணுயிர் தின்னும், உண்மைதான். காட்மியத்தையும் ஈயத்தையும் எந்த நுண்ணுயிராலும் தின்று தீர்க்க முடியாது. உருவத்தை மாற்றும், சிலசமயம் கரையவைத்து வேருக்கு எளிதாக்கியும் விடும். கடுகோ, மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சி எடுப்பதில் கெட்டிக்காரப் பயிர். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யவே அதை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆலைக் கழிவு கலந்த ஓடைத் தண்ணீரில் வளர்ந்த கடுகைக் கீரையாகப் பறித்தால் அது நேரே குழம்புக்கு வரும். எண்ணெயில் உலோகம் இறங்குவது குறைவு. ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கில் அது தங்கும், மாட்டுத் தொட்டிக்குப் போவது அந்தப் பிண்ணாக்குதான்.